காதலுக்கு முக்காடு ஏன்?

தில்லைக் கூத்தனைப் போற்றும் திருக்கோவையாரில் பாடல்கள் 400. தலைவன், தலைவி, தோழி, களவு, கற்பு – அத்தனையும் அகத்துறை. உயிர் இறைவனை நாடுவதே உட்பொருள் என்பர் சமயவாணர். சொல்லட்டும், மாணிக்கவாசகர் பாட்டுக்கு அது பொருந்தலாம், நாம் மறுக்கவில்லை.

ஆனால், அந்தத் துறைகளை அவருக்குக் கடன் கொடுத்தது யார்? பல நூற்றாண்டு முந்திய சங்கப் பாட்டன்றோ! அங்கே காதலிப்பவர் குறவர் மகள், பரதவர் மகள். பெயர்கூடச் சுட்டப்படாத மாந்தர். மனிதக் காதலே முதல். பக்தி அதில் விளைந்த வட்டி!

ஆண்டவன் மீது காதல் என்றால் கைகூப்புகிறார்கள். அடுத்த தெருவில் காதல் என்றால் அரிவாள் தூக்குகிறார்கள். உவமையை வணங்கி உண்மையை வெட்டுவதா? சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967-இல் சட்டமன்றம் சட்டம் நிறைவேற்றிய நாடு இது. காதலர்க்குக் காவலாய் நிற்பதே, தோழர்களே, தமிழுக்கு நாம் செய்யும் தொண்டு!