மேசை மேல் ஒரு சூரியன்: 'குளிர் இணைவு' மின்சாரம் தருமா?

1989 மார்ச் 23. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிளைஷ்மன், ஸ்டான்லி பான்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் செய்தியாளர்களைக் கூப்பிட்டார்கள். கனநீரில் பல்லேடியம் மின்முனையை வைத்து மின்சாரம் பாய்ச்சினோம், கொடுத்ததைவிட அதிக வெப்பம் வந்தது, காரணம் அணுக்கரு இணைவு என்றார்கள்.

இதுல என்ன அதிசயம்?

சூரியனுக்குள் நடப்பதும் இணைவுதான். அணுக்கருக்கள் நேர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளும். அவற்றைச் சேர்க்கக் கோடிக்கணக்கான டிகிரி வெப்பம் வேண்டும். அறை வெப்பநிலையிலேயே முடியும்னா? புகை இல்லை, ராட்சத உலை வேண்டாம், எரிபொருளோ கடல்நீரிலேயே இருக்கு.

அப்புறம் என்னாச்சு?

உலகம் முழுக்க செய்து பார்த்தார்கள். நம்ம பாபா அணு ஆராய்ச்சி மையமும் நியூட்ரான், டிரிட்டியம் கிடைத்ததாக அதே ஆண்டு சொன்னது. ஆனால் பெரும்பாலான ஆய்வகங்களுக்குக் கைகூடவில்லை. தவிர, அத்தனை வெப்பமும் வழக்கமான இணைவால் வந்திருந்தால், கூடவே கிளம்பும் நியூட்ரான்கள் பக்கத்தில் நின்றவர்களைக் கொன்றிருக்கும். யூட்டா மாநிலம் 50 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கிய ஆய்வு நிறுவனம் 1991-ல் மூடப்பட்டது.

இப்ப நிலவரம்?

'குறை ஆற்றல் அணுக்கரு வினை' என்ற புதுப் பெயரில் தேடல் தொடர்கிறது. கூகுள் நிதியில் நடந்த ஆய்வு, குளிர் இணைவுக்குச் சான்று கிடைக்கவில்லை என 2019-ல் அறிவித்தது. 2023-ல் அமெரிக்க அரசின் ஆர்பா-இ அமைப்பு 8 ஆய்வுகளுக்கு 1 கோடி டாலர் ஒதுக்கியது. 2025-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, பல்லேடியத்துக்குள் மின்வேதியியல் முறையில் கூடுதல் டியூட்டீரியத்தை அடைத்து, வேகமான அயனிகளை மோதவிட்டு, இணைவு வீதத்தைச் சராசரியாக 15% உயர்த்தியது. நல்ல அறிவியல்தான். ஆனா உள்ளே போனது 15 வாட். வெளியே வந்தது ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு!

அப்போ காசு போடலாமா?

ஆய்வுக்கு, அளவாகப் போடலாம். தோற்றாலும் உலோகத்துக்குள் ஹைட்ரஜன் எப்படி நடந்துகொள்கிறது என்ற அறிவு மிஞ்சும். மின்சாரத் திட்டத்தில் மட்டும் இதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சோலாரையும் காற்றாலையையும் தள்ளிப்போட இது சாக்காகவும் ஆகிவிடக் கூடாது.

'இலவச ஆற்றல் கருவி' என்று யாராவது முதலீடு கேட்டு வந்தால் மூன்றே கேள்வி கேளுங்க. சம்பந்தமில்லாத வேறொரு ஆய்வகம் இதைச் செய்து காட்டியதா? உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அளந்தது யார்? இணைவின் தடயமான துகள்கள் எங்கே? மூன்றுக்கும் பதில் வரும்வரை பர்ஸைத் திறக்காதீங்க.