வேலையை விட்டுப் போனவருக்கு இன்னும் வைஃபை எதுக்கு?

கொடைக்கானல் நாயுடுபுரம் பக்கம் காட்டேஜ் எடுத்தால் சாவியோடு வைஃபை பாஸ்வேர்டும் கிடைக்கும். பெரும்பாலும் விருந்தினர், சமையல்காரர், போன சீசனில் வேலையை விட்டவர் எல்லாருக்கும் அதே ஒன்றுதான்.

இதில் என்ன ஆபத்து? 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு வந்த மிரட்டல் மெயில், நவி மும்பையில் ஒருவர் வீட்டு வைஃபை வழியாகப் போயிருந்தது. போலீஸ் முதலில் போய் நின்றது அவர் வாசலில்தான்.

ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுங்கள். அந்தப் பதிவுகளை எல்டாப் டைரக்டரி சர்வரில் வைத்தால், யாராவது இணையும்போது வைஃபை கருவி ரேடியஸ் சர்வர் மூலம் சரிபார்த்துக்கொள்ளும். வேலையை விட்டவரை நீக்க, 'எல்டாப்டெலீட்' கட்டளையும் அவர் பதிவின் முழுப்பெயரும் டைப் செய்தால் போதும். மற்றவர்கள் பாஸ்வேர்டு மாறாது.

பத்து ரூம் காட்டேஜுக்கு இதெல்லாம் ஓவர்தானே என்பீங்க. ஓபன்எல்டாப், ஃப்ரீரேடியஸ் இரண்டுமே இலவசம். பழைய கம்ப்யூட்டரே தாங்கும். என்னைக் கேட்டால், பதிவை அழிப்பதைவிட 'எல்டாப்மாடிஃபை' போட்டு முடக்குவதே நல்லது. நாளை போலீஸ் கேட்டால் காட்டப் பெயராவது இருக்கும். ஏற்கெனவே இணைந்திருக்கும் போன் மட்டும் உடனே விலகாது. அதைத் தனியாகத் துண்டிக்கணும்.