முதலிடமும் முதுசொமும்

மார்கழி பிறந்துவிட்டால் நமது வன்னி ஊர்களில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. வைகறையிலே கோவில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை. இரவிலே வீடு வீடாகச் சென்று இளைஞர் பாடும் நத்தார் கீதம். இவ்விரண்டையும் பாடுவோரில் யார் முதல்வர், யார் இரண்டாமவர் என்று எவரும் கேட்பதில்லை. ஆயினும், அண்மைக் காலமாக இம்மாதத்திலே மூன்றாவது ஓசை ஒன்றும் நம் வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது. "முதலிடம் யாருக்கு?" என்னும் ஆரவாரமே அது.

2023ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் திகதி, ஜீ தமிழ்த் தொலைக்காட்சியினர் சென்னையில் நடத்திய 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' மூன்றாம் பருவத்தின் இறுதிப் போட்டியிலே, யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த சிறுமி கில்மிஷா முதலிடம் பெற்றார். இலங்கையர் ஒருவர் அப்பட்டத்தை வென்றது அதுவே முதன்முறை. அச்செய்தி கேட்டு மகிழாத ஈழத் தமிழ் வீடு ஒன்று இருந்திருக்குமா என்பது ஐயமே.

அதற்கு ஐந்து நாட்களின் பின்னர், 22ஆம் திகதி, பிரித்தானியாவில் மற்றொரு முதலிடம் அறிவிக்கப்பட்டது. நத்தார் வாரத்தில் அந்நாட்டில் அதிகமாக விற்பனையாகும் பாட்டு எது என்பதை அறிய ஆண்டுதோறும் நாடே ஆவலோடு காத்திருப்பது வழக்கம். அவ்வாண்டு அவ்விடத்தைப் பிடித்த பாட்டு, 'வாம்' என்னும் இருவர் குழுவின் 'லாஸ்ட் கிறிஸ்மஸ்'. அது புதிய பாட்டன்று. 1984ஆம் ஆண்டில் வெளிவந்து, எதியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி சேர்ப்பதற்காகப் பலர் கூடிப் பாடிய பாட்டொன்றுக்கு அடுத்ததாக, இரண்டாம் இடத்திலே நின்றுவிட்ட பாட்டு அது. நத்தார் முதலிடம் அதற்குக் கிட்ட முப்பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. அதனை இயற்றிப் பாடிய ஜோர்ஜ் மைக்கல் அதனைக் காண உயிரோடிருக்கவில்லை. 2016ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்றே அவர் காலமாகிவிட்டார்.

ஒரே வாரத்தில் நிகழ்ந்த இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது நமக்கொரு கேள்வி எழுகிறது. முதலிடம் என்பது எதனை அளக்கிறது?

பிரித்தானியாவில் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பட்டியல் 1952 நவம்பரில் பத்திரிகையொன்றில் முதன்முதலாக வெளியாயிற்று. கடைகளில் விற்ற இசைத்தட்டுகளை எண்ணி அமைத்த பட்டியல் அது. எனவே ஆரம்பம் முதற்கொண்டே அது அளந்தது பாட்டின் இனிமையை அன்று, விற்பனையையே. நத்தார் காலத்தில் மக்கள் தாராளமாகச் செலவு செய்வார்கள் ஆதலால், அவ்வாரத்து முதலிடத்துக்கு ஒரு தனி மவுசு உண்டாயிற்று.

இம்மவுசைத் தொலைக்காட்சிக்காரர் கண்டுகொண்ட விதம் கவனிக்கத்தக்கது. 'எக்ஸ் பெக்டர்' என்னும் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றை நத்தாருக்குச் சற்று முன்னதாக வருமாறு அமைத்தார்கள். வெற்றி பெறுபவர் வெளியிடவேண்டிய பாட்டை முன்னதாகவே தெரிந்தெடுத்தார்கள். பல ஆண்டுகளில், இறுதிச் சுற்றுக்கு வந்த ஒவ்வொருவரையும் தனித்தனியே அதே பாட்டைப் பாடச்செய்து பதிவுசெய்து வைத்தார்கள். வாக்கு முடிவு வந்ததும் வென்றவரின் பதிவு விற்பனைக்குச் செல்லும். தோற்றவரின் பதிவு பெட்டிக்குள் உறங்கும். 2005 முதல் 2008 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ச்சியாக நத்தார் முதலிடம் இப்போட்டியில் வென்றவர்க்கே கிட்டியது.

ஐந்தாம் ஆண்டிலே மக்களில் ஒரு பகுதியினர் சினங்கொண்டனர். 2009இல் இங்கிலாந்தைச் சேர்ந்த தம்பதியர் இருவர், "இம்முறை வேறொரு பாட்டை வாங்குவோம், வாருங்கள்" என்று இணையத்தில் அழைப்பு விடுத்தனர். அவர்கள் தெரிந்தெடுத்தது, 'றேஜ் எகெய்ன்ஸ்ட் த மெஷின்' என்னும் அமெரிக்கக் குழுவினர் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட, ஆவேசம் நிறைந்த பழைய பாட்டு. நத்தாருக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் அதனை வாங்கினர். அவ்வாண்டு தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற ஜோ மெக்கெல்டெரி ஏறத்தாழ ஐம்பதினாயிரம் குறைவாகப் பெற்று இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். மக்கள் வென்றுவிட்டனர் என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் இதிலே ஒரு வேடிக்கை உண்டு. அந்த இரண்டு பாட்டுகளுமே சோனி என்னும் ஒரே பெரிய நிறுவனத்தின் குடைக்கீழ் வெளிவந்தவை. சண்டையிட்ட இரண்டு கடாக்களும் ஒரே பட்டியைச் சேர்ந்தவையாயின், எது வென்றாலும் பட்டிக்காரனுக்கு நட்டமேது?

இஃது அந்நிய நாட்டுப் புதினமே, நமக்கென்ன என்று நேயர்கள் எண்ணலாம். அப்படியன்று. இவ்வகைப் போட்டிக்கு நமது இலங்கையே ஒரு தாய்வீடாக இருந்திருக்கிறது. பிரித்தானியப் பட்டியல் தோன்றி மூன்று வாரங்கள் கூட ஆகாத நிலையில், 1952 டிசெம்பர் 3ஆம் திகதி, இலங்கை வானொலி 'பினாக்கா கீத்மாலா' என்னும் ஹிந்தி நிகழ்ச்சியைத் தொடக்கியது. இந்திய அரசாங்க வானொலி திரைப்படப் பாடல்களை ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. அமீன் சயானி என்னும் இளைஞரின் குரலில் ஒலித்த அந்நிகழ்ச்சியைக் கேட்பதற்காக வட இந்தியா முழுவதும் கொழும்பை நோக்கிக் காது கொடுத்தது. நாளடைவில் இசைத்தட்டு விற்பனையையும் நேயர்களின் விருப்பத்தையும் கொண்டு பாட்டுகள் வரிசைப்படுத்தப்பட்டன. ஆண்டு முடிவில், அவ்வாண்டின் தலையாய பாட்டு எது என்று அறிவிக்கும் சிறப்பு நிகழ்ச்சியும் இடம்பெற்றது. அந்நிகழ்ச்சியின் பெயரிலே முன்னிற்பது பற்பசை ஒன்றின் பெயர் என்பதையும் நாம் மறத்தலாகாது. பாட்டுக்கு வரிசை வைத்த நாள் தொட்டு, அவ்வரிசைக்குப் பின்னால் ஒரு வியாபாரி நின்றுகொண்டேயிருக்கிறான். அவன் மீது நமக்குக் கோபமில்லை. அவன் தொழில் அது. ஆனால் அவனுடைய தராசைக் கலைமகளின் தராசென்று நாம் மயங்கலாகாது.

அத்தராசு எத்தனை தடவை பொய்த்திருக்கிறது! 2004ஆம் ஆண்டு 'அமெரிக்கன் ஐடல்' போட்டியில் ஜெனிபர் ஹட்சன் என்னும் நங்கை ஏழாம் இடத்தோடு வெளியேற்றப்பட்டார். 2007இல் அவரே ஒஸ்கார் விருதினைக் கையேந்தி நின்றார். 2005இல் இந்தியாவில் 'பேம் குருகுல்' என்னும் போட்டியில் வெற்றி பெறாது வெளியேறிய வங்காள இளைஞர் அரிஜித் சிங், பின்னாளில் ஹிந்தித் திரையுலகின் முதன்மைப் பாடகராக விளங்கினார். 2009இல் பிரித்தானியாவில் சூசன் பொயில் என்னும் நடுத்தர வயது மாது இரண்டாம் இடமே பெற்றார். அவ்வாண்டின் முடிவிற்குள் அவருடைய இசைத்தட்டு பல நாடுகளில் விற்பனையில் முன்னின்றது.

நம்மவரிடையேயும் ஓர் உதாரணம் உண்டு. 2015 பெப்ரவரியில், விஜய் தொலைக்காட்சியின் 'சூப்பர் சிங்கர் ஜூனியர்' போட்டியில், கனடாவில் வாழும் ஈழத் தமிழ்க் குடும்பத்துச் சிறுமி ஜெசிக்கா இரண்டாம் இடம் பெற்றார். அவருக்குக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தை ஆதரவற்ற பிள்ளைகளுக்கு வழங்குவதாக அறிவிக்கப்பட்டது. அப்போட்டியைப் பற்றிப் பேசும் ஈழத் தமிழர் இன்றும் முதலில் நினைவுகூர்வது அச்செய்கையையே.

பரிசைப் பற்றியும் அதன் விலையைப் பற்றியும் நம் முன்னோர் அறியாதவரல்லர். சிலப்பதிகாரத்தில் மாதவியின் அரங்கேற்றத்தை நோக்குங்கள். ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதிலே சோழ மன்னன் முன் ஆடி, தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் அவள் பெறுகிறாள். அஃதும் ஒரு போட்டி மேடை போன்றதே. ஆனால் அதன் பின்னர் நிகழ்வது என்ன? அவள் பெற்ற பெருமையின் அடையாளமாகிய மாலை, ஆயிரத்தெட்டுக் கழஞ்சு விலை கூறப்பட்டு நகர நம்பியர் திரியும் வீதிக்கு வருகிறது. கோவலன் அதனை வாங்குகிறான். அவ்வொரு கொள்முதலிலிருந்தே கண்ணகியின் துயரம் தொடங்குகிறது. மேடையில் கிடைத்த வெற்றி மறுகணமே சந்தைக்குச் செல்வதை இளங்கோவடிகள் அன்றே கண்டு எழுதிவைத்தார்.

அவ்வரங்கேற்றத்தை விவரிக்கும் அடிகளார் மற்றொன்றையும் செய்கிறார். மாதவியை உருவாக்கிய ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அறுவரின் தகுதிகளையும் ஒவ்வொன்றாக விரித்துரைக்கிறார். ஒரு பெண் மேடையேற ஆறு ஆசிரியர் வேண்டும் என்பது அவர் நமக்கு விட்டுச்சென்ற கணக்கு. இன்றைய தொலைக்காட்சி மேடையிலே ஒளியுண்டு, புகையுண்டு, பெற்றோரின் கண்ணீருண்டு. பிள்ளைக்கு முதன்முதல் சுருதி சேர்க்கக் கற்பித்த ஊராசிரியரின் பெயர் எத்தனை முறை அங்கே ஒலிக்கிறது?

இக்கதை வன்னி மக்களுக்குப் புதியதன்று. வற்றாப்பளையிலே கண்ணகியம்மனுக்குப் பொங்கலிடும் நாம், கோவலன் கூத்தையும் முல்லைத்தீவின் முதுசொமாகப் போற்றி வருகிறோம். அக்கூத்தைப் பயிற்றும் அண்ணாவியார் முதலிடம் கொடுப்பதில்லை. ஆளுக்கேற்ற பாத்திரத்தைக் கொடுக்கிறார். கோவலனாக வருபவனும் காவலாளியாக வருபவனும் ஒரே களரியில், ஒரே மத்தள ஓசைக்கு, மாதக்கணக்காக ஆடிப் பழகுகின்றனர். விடியும்போது வென்றவனும் இல்லை, தோற்றவனும் இல்லை, கூத்து நிறைவேறியிருக்கும்.

இத்தகைய முதுசொத்தையே நாம் போரில் பெரிதும் இழந்தோம். தொண்ணூறுகளிலே, மின்கலம் தடைசெய்யப்பட்டிருந்த நாட்களில், மிதிவண்டிச் சக்கரத்தைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் வானொலி கேட்ட மக்கள் நாம். பாட்டின் மீது ஆசையற்றவர் அப்பாடு படுவாரோ? பின்னர் 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளில் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக ஓடியபோது, ஆர்மோனியத்தைச் சுமந்துகொண்டு ஓட யாரால் முடிந்தது? மீண்டு வந்தபின் வீட்டைக் கட்டினோம், கிணற்றை இறைத்தோம், வயலைத் திருத்தினோம். சுருதிப் பெட்டியின் முறை எப்பொழுதும் கடைசியாகவே வந்தது. அதிலே குற்றமில்லை. ஆனால் அம்முறை இன்றும் வராதிருக்குமானால், அது குற்றமாகும்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஸ்கந்தபுரத்திலோ அக்கராயனிலோ ஒரு பிள்ளைக்கு நல்ல சாரீரம் வாய்த்திருக்குமானால், அதனைச் சென்னைக்கு எவ்வாறு அனுப்புவது என்பதை முதற் கேள்வியாகக் கொள்ளவேண்டாம். கிழமையில் இரண்டு நாள் ஒழுங்காகக் கற்பிக்க ஆசிரியர் ஒருவரை ஊருக்கு எவ்வாறு வரவழைப்பது என்பதே முதற் கேள்வி. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் அவருடைய போக்குவரத்துச் செலவு பெரிதன்று. கோவில் மண்டபமோ, தேவாலயக் கூடமோ, பாடசாலை வகுப்பறையோ மாலை வேளையில் வெறுமையாகத்தான் கிடக்கிறது. புலம்பெயர்ந்த உறவினர் திருவிழாவுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கொண்டு ஒரு வயலினும் ஒரு மிருதங்கமும் வாங்கலாம். அவை ஒரு பிள்ளையோடு போய்விடுவன அல்ல. அடுத்தடுத்த பிள்ளைகளின் கைக்கு மாறுவன.

மாணவ நேயர்களுக்கும் ஒன்று கூறுவோம். போட்டிகளைப் பாருங்கள், மகிழுங்கள், முடிந்தால் பங்குபற்றவும் செய்யுங்கள். வென்றவரை வாழ்த்துவது நற்பண்பு. ஆனால் ஒருவர் நன்றாகப் பாடக் கேட்டால், "இவருக்கு எத்தனை வாக்கு?" என்று கேட்பதற்கு முன்பாக, "இவர் யாரிடம் கற்றார், எத்தனை ஆண்டு கற்றார்?" என்று விசாரியுங்கள். முதல் கேள்விக்குரிய விடை அடுத்த மார்கழியில் மாறிவிடும். இரண்டாம் கேள்விக்குரிய விடையை வைத்துக்கொண்டு நீங்கள் நாளைக் காலையிலேயே சாதகத்தைத் தொடங்கிவிடலாம்.