எண்ணெய் அளவும் என்ஜின் ஆயுளும்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடம் ஒரகடம். விடியுமுன் அங்கு நின்று பார்ப்போர்க்குத் தொழிற்சாலைப் பேருந்துகளுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் இடையே முதல் ஷிப்டுக்கு விரையும் மோட்டார் சைக்கிள்களை எண்ணி மாளாது. இவற்றை ஓட்டுவோர் பலருக்கு வண்டி ஆடம்பரப் பொருள் அன்று. அது நின்றால் அன்றைய வேலை நிற்கும். வேலை நின்றால் சம்பளம் குறையும். சம்பளம் குறைந்தால் வீட்டில் அடுப்புக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் இடையே வழக்கு எழும். ஆகவே, அவ்வண்டியின் உயிர்நாடியாகிய என்ஜின் எண்ணெயைப் பற்றி இம்மாதம் பேசுவது பொருத்தமென்று கருதுகிறோம்.

எண்ணெயின் பணி வழவழப்பு அளிப்பது மட்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே. உருளைக்குள் பிஸ்டன் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்குகிறது. அவ்வுராய்வில் பிறக்கும் வெப்பத்தை ஏந்திச் செல்வதும், கரியையும் உலோகத் துகளையும் அடித்துச் செல்வதும், துருவைத் தடுப்பதும் எண்ணெயே. இன்று ஓடும் பெரும்பாலான வண்டிகளில் என்ஜின், கியர், கிளட்ச் ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயில் நனைகின்றன. சிறிய நூறு சி.சி. வண்டியில் அந்த எண்ணெய் ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். அதில் கால் லிட்டர் குறைந்தாலும் எஞ்சியது கூடுதல் சுமை சுமக்கிறது. பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். எண்ணெய் குறைந்தால் நிற்காது. பல வண்டிகளில் எச்சரிக்கை விளக்கும் இல்லை. ஓசையின்றித் தேய்ந்து, ஒருநாள் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வேகமாகச் செல்கையில் அவ்வாறு நேர்ந்தால் பின்சக்கரமே சுழலாமல் நின்றுவிடலாம். பின்னால் லாரி வரும் சாலையில் அதன் விளைவை நாம் விவரிக்க வேண்டுவதில்லை.

ஆயினும், குறையைப் போக்குவதாக எண்ணி மிகுதியாக ஊற்றுவதும் தீங்கே. அளவுக்கு மீறிய எண்ணெயைச் சுழலும் பாகங்கள் அடித்து நுரையாக்குகின்றன. நுரையில் காற்று கலந்திருப்பதால் அது பாதுகாப்பதில்லை. மிஞ்சியது மூச்சுக்குழாய் வழியே காற்று வடிகட்டிக்குள் பாயும். சீல்கள் வழியே கசியும். எனவே, 'இன்னும் கொஞ்சம் ஊற்றினால் நல்லதுதானே' என்னும் வீட்டு நியாயம் இங்கே செல்லாது.

சரியான அளவை அறிவதற்குச் சரியாகப் பார்க்கத் தெரிய வேண்டும். இதற்கு இப்பகுதியிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. இங்கிலாந்து நாட்டு என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி 1955ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாயின. பின்னர் அந்நிறுவனம் 2013இல் ஒரகடத்திலும், 2017இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகளைத் திறந்தது. ஒரே பெயர் தாங்கிய வண்டிதான். ஆனால் திருவொற்றியூரின் பழைய புல்லட்டுக்கும் ஒரகடத்தின் புதிய புல்லட்டுக்கும் எண்ணெய் பார்க்கும் முறை நேர்மாறானது.

பழைய வார்ப்பிரும்பு என்ஜினில் எண்ணெய் தனி அறையில் இருக்கும். ஒரு பம்பு அதை உள்ளே அனுப்பும். மற்றொன்று திரும்ப அவ்வறைக்கே கொண்டுவரும். வண்டி சில நாள் நின்றால் எண்ணெய் பம்பு வழியே மெல்லக் கசிந்து கீழே இறங்கிவிடும். அப்போது அளவுகோலை எடுத்துப் பார்ப்பவருக்கு அறை காலியாகவே தோன்றும். எண்ணெய் எங்கும் போய்விடவில்லை; இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. இதை அறியாமல் அரை லிட்டர் ஊற்றினால், வண்டி ஓடியதும் கீழே தங்கிய எண்ணெயும் மேலேறி அறை நிரம்பி வழியும். ஆகவே பழைய புல்லட்டைச் சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்திய கையோடு பார்க்க வேண்டும். 2010ஆம் ஆண்டையொட்டி அந்த என்ஜினுக்கு விடை கொடுக்கப்பட்டது. அதற்குப் பின் வந்தவற்றில் எண்ணெய் அடியிலேயே தங்குகிறது. ஓடும்போது அது மேற்பாகமெங்கும் சிதறியிருப்பதால், நிறுத்தியவுடன் பார்த்தால் குறைவாகத் தெரியும். சில நிமிடம் பொறுத்தே பார்க்க வேண்டும். முன்னதில் உடனே, பின்னதில் பொறுத்து. தந்தையின் வண்டிக்குப் பொருந்திய அறிவுரை மகனின் வண்டிக்குப் பொருந்தாமற் போவது இதனால்தான்.

இனி, இன்றைய வண்டிகளுக்கான பொது முறையைக் கூறுவோம்.

வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துக. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டி பொய்யான அளவையே காட்டும். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியை ஒருவர் நிமிர்த்திப் பிடிக்க மற்றொருவர் குனிந்து பார்க்கலாம். கணவனும் மனைவியும், தந்தையும் மகளும் சேர்ந்து செய்யத்தக்க வேலை இது. என்ஜினை மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துக. பின்னர் இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்க. ராயல் என்ஃபீல்டு போன்றவற்றில் என்ஜினின் வலப்புறத்தில் வட்டக் கண்ணாடி இருக்கும். அதிலுள்ள மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் இடையே எண்ணெய் நிற்க வேண்டும். ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் மூடியோடு இணைந்த அளவுகோல் உண்டு. அதைக் கழற்றி, சுத்தமான துணியால் துடைத்து, மரையில் திருகாமல் வெறுமனே உள்ளே வைத்து எடுத்துப் பார்க்க. திருகினால் கோல் ஆழமாக இறங்கி, உள்ளதைவிட மிகுதியாகக் காட்டும். வேறு சில வண்டிகளில் திருகியே பார்க்கச் சொல்வார்கள். ஐயம் எழுந்தால், வண்டியோடு தந்த கையேடே இறுதித் தீர்ப்பு.

குறைந்திருந்தால் ஐம்பது மில்லி அளவாகச் சிறிது சிறிதாக ஊற்றி, பொறுத்து, மீண்டும் பார்க்க. மேல் குறியைத் தொட வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. இரு குறிகளுக்கு நடுவே நின்றால் போதும். மிகுந்திருந்தால் ஊற்றும் துளை வழியே மெல்லிய குழாய் பொருத்திய ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிடலாம். அடியிலுள்ள டிரெயின் போல்ட்டைத் தளர்த்தும் வழியும் உண்டு. ஆனால் அலுமினிய மரை மென்மையானது. மிகையாக இறுக்கினால் மரை போய்விடும்; பிறகு என்றும் கசிவுதான். அவ்வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே நன்று.

டப்பாவைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. கார் எண்ணெய்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் கலந்திருக்கும். எண்ணெயில் நனைந்த கிளட்ச் அதனால் வழுக்கும். ஆகவே 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்னும் குறி பொறித்த மோட்டார் சைக்கிள் எண்ணெயையே வாங்குக. எண்ணெயின் எண்ணும் கையேட்டின்படி இருக்கட்டும்.

எண்ணெய் கறுத்திருந்தால் அஞ்ச வேண்டாம். அது அழுக்கைச் சுமக்கிறது என்று பொருள். உரிய கிலோமீட்டரில் மாற்றினால் போதும். பால் கலந்த காப்பி நிறம் கண்டால் நீர் புகுந்துள்ளது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வாகனங்கள் நீரில் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். அவ்வாறு மூழ்கிய வண்டியைக் கிளப்பவே கூடாது; முதலில் எண்ணெயை முழுதும் வடித்து மாற்ற வேண்டும். ஊற்றாமலே அளவு கூடியிருந்து பெட்ரோல் நாற்றம் அடித்தால், பெட்ரோல் உள்ளே இறங்குகிறது. சைலன்சரில் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. இவற்றுக்கெல்லாம் ஊற்றுவது மருந்தாகாது, மெக்கானிக்கை நாடுக.

இன்னொன்றும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். வடித்த பழைய எண்ணெயைத் தோட்டத்திலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்தை அடைகிறது. செம்பரம்பாக்கத்து நீரையே சென்னை மக்கள் குடிக்கின்றனர். பழைய எண்ணெயைச் சேகரித்து அனுப்பும் ஒர்க்ஷாப்பில் ஒப்படைத்துவிடுக.

இரவு ஷிப்டு முடித்து வரும் பிள்ளை களைத்துப் படுக்கச் செல்வான். வண்டியைக் குனிந்து பார்க்க அவனுக்குத் தோன்றாது. வாரம் ஒருமுறை, விடுமுறை நாளில், வீட்டார் ஒருவர் நினைவூட்டினால் போதும். பத்து நிமிடமும் ஒரு கந்தல் துணியுமே செலவு. அவன் நலமே வீடு திரும்புவதற்கு அதைவிட மலிவான காப்பீட்டை நாம் அறியோம்.