சில்லின் பாரமும் தெருவின் உயிரும்

சென்ற கிழமை கல்லடியில் ஒரு கராஜில் நின்றிருந்தேன். இளைஞர் ஒருவர் தமது காரின் அலோய் சில்லு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். படுவான்கரை வீதியில் மழைநீர் மூடிய குழியில் விழுந்ததால் அதன் உள்விளிம்பு வெடித்திருந்தது. “வெல்டிங் வைத்துப் பெயின்ற் அடித்தால் ஒன்றும் தெரியாது தம்பி” என்றார் அங்கிருந்தவர். தெரியாது என்பது உண்மைதான். என் ஆட்சேபமே அந்தத் தெரியாமையின் மீதுதான்.

இந்த மோகத்தின் காரணம் விளங்காததல்ல. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றபின், கார்ப் பந்தயம் பற்றிப் பேசாத தமிழ் இளைஞர் அரிது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி இலங்கையில் 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், புதிய காரின் விலை பலருக்கு எட்டாதது. எனவே பழைய காருக்குப் புதிய சில்லு பூட்டுகிறார்கள். அந்த ஆசையை நான் பழிக்கவில்லை. அந்த ஆசைக்கு விற்கப்படும் பொய்யையே பழிக்கிறேன்.

பந்தயக்காரர் பாரம் குறைந்த சில்லை நாடுவதற்குத் தகுந்த நியாயம் உண்டு. சில்லு சுருள்வில்லுக்குக் கீழே இருப்பது. அது இலேசாக இருந்தால் மேடுபள்ளத்தைத் தொடர்ந்து தரையைப் பற்றும். அது சுழலவும் வேண்டியிருப்பதால், சில்லின் விளிம்பில் உள்ள ஒரு கிலோவை வேகப்படுத்த, காருக்குள் உள்ள ஒரு கிலோவுக்கு வேண்டியதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விசை தேவை. ஜப்பானின் ரேஸ் நிறுவனம் 1996இல் வெளியிட்ட டி.ஈ. 37 என்ற சில்லின் பெயரிலுள்ள 37, அதன் 15 அங்குல வடிவத்தின் 3.7 கிலோ எடையைக் குறிப்பது. உலோகத்தை உருக்கி ஊற்றாமல், பேரழுத்தத்தில் அடித்து உருவாக்கியதால் குறைந்த உலோகமே அதற்குப் போதுமானதாயிற்று. அங்கே வலிமை முதலில் வந்தது. எடைக் குறைப்பு அதன் விளைவு.

நமது கடைகளில் தொங்கும் போலிகள் அந்த ஆறு கைகளின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சாதாரண வார்ப்பில் ஊற்றப்பட்டவை. வார்ப்பில் வலிமை வேண்டுமானால் உலோகத்தைக் கூட்ட வேண்டும். அப்போது அது காரோடு வந்த சில்லைவிடவும் பாரமாகலாம். மூலத்தைப் போலவே மெலிதாக வார்த்தாலோ பலம் போய்விடும். இரண்டிலும் ஏமாறுபவர் வாங்குபவரே.

ஜப்பானியத் தரத்தில் கார்ச் சில்லுக்கு ஜே.டபிள்யூ.எல். என்றும், லொறி, பஸ்களுக்கு ஜே.டபிள்யூ.எல்.-டி. என்றும் முத்திரை உண்டு. சுழற்றி வளைக்கும் சோதனை, பாரமேற்றி உருட்டும் சோதனை, எடையை விழச்செய்து மோதும் சோதனை ஆகிய மூன்றையும் கடக்க வேண்டும். முதல் முத்திரை உற்பத்தியாளர் தாமே இடுவது, வி.ஐ.ஏ. முத்திரை அதை வெளியமைப்பு ஒன்று உறுதிசெய்ததைக் காட்டுவது. இவற்றையும், தாங்கும் பாரத்தின் அளவையும் புரட்டிப் பார்த்து வாங்குவோர் எத்தனை பேர்? பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றும் வானுக்குக் கார்ச் சில்லைப் பூட்டுவோரும் நம்மிடையே உள்ளனர்.

“பந்தயத்தையே தாங்கும் சில்லு இந்த வீதியைத் தாங்காதா?” என்பார்கள். பந்தயத் தடத்தில் வெள்ளம் மறைத்த குழி இல்லை. அங்கே சில்லில் வெடிப்புண்டா என்று பார்ப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. இங்கோ மாரியில் வாவி பெருகினால் வீதியும் குழியும் ஒன்றாகிவிடும். பெரிய சில்லுக்காக மெலிந்த ரயர் அடியைத் தணிப்பதில்லை. இரும்புச் சில்லு பெரும்பாலும் நெளியும். தரங்கெட்ட வார்ப்பு வெடிக்கும். பெயின்ற் உரிந்த இடத்தை உப்புக் காற்றும் அரிக்கும்.

வெல்டிங் இன்னும் மோசம். தரமான வார்ப்புச் சில்லுக்கு உறுதி தருவது வார்த்தபின் செய்யப்படும் வெப்பப் பதப்படுத்தல். ஒட்டும் சூடு, ஒட்டின் இரு பக்கத்திலும் அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். அடுத்த வெடிப்பு ஒட்டிய இடத்தின் அருகிலேயே தொடங்கலாம்.

“என் கார், என் உயிர்” என்பது கடைசி வாதம். 2000இல் இத்தாலியின் மொன்சாவிலும் 2001இல் மெல்போர்னிலும் பார்முலா வண் பந்தயங்களில் பறந்துவந்த சில்லுகளால் இறந்தவர்கள் ஓட்டுநர்கள் அல்லர். தடத்தோரம் கடமையில் நின்ற தொண்டர்கள். வேலியும் பாதுகாப்பும் உள்ள இடத்திலேயே அப்படியென்றால், மாணவர் சைக்கிளிலும் மீனவர் கூடையோடும் செல்லும் கல்லடிப் பாலத்தில் என்னாகும்?

ஆண்டுதோறும் வாகனத்தின் புகையைச் சோதிக்கிறோம். சில்லையும் சோதிக்க ஏன் தயங்க வேண்டும்? சோதனைச் சான்றில்லாத சில்லை இறக்கவும் விற்கவும் விடக்கூடாது. வெடித்த சில்லை ஒட்டித் தருவதைக் கராஜ்கள் தாமே மறுக்க வேண்டும். தரமானது வாங்க வசதியில்லாதவருக்குக் காரோடு வந்த சில்லே போதும். அதில் வெட்கம் எதுவுமில்லை.

அந்த இளைஞரிடம் பழைய சில்லு இருக்கிறதா என்று கேட்டேன். “வீட்டில் கிடக்கிறது ஐயா, பார்க்க வடிவில்லை” என்றார். வடிவில்லாத அந்த இரும்புதான் அவரை இத்தனை ஆண்டுகள் வீடு சேர்த்திருக்கிறது.