சிறு கடைகளில் வேலை நேரம்

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், மகா மாரியம்மன் கோயில் விளங்கும் குயின் ஸ்திரீட்டிலும் அடுத்துள்ள மார்க்கெட் ஸ்திரீட்டிலும் வரிசை வரிசையாக அமைந்த புடவைக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் உழைக்கும் ஒரு தாய், பள்ளி விடும் வேளையில் குழந்தையை அழைத்துவர ஒரு மணி நேரம் கேட்பதற்கும் முதலாளியின் முகக்குறிப்பைப் பார்த்துத் தயங்க வேண்டியிருந்தால், அது நியாயமன்று என்பதே என் திடமான அபிப்பிராயம்.

2023 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த மலேசிய வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம், வாராந்தர வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்ததோடு, வேலையின் நேரம், நாள், இடம் ஆகியவற்றில் மாறுதல் கோரித் தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம் என்றும், முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்திலேயே விடையளித்து, மறுப்பாராயின் அதற்குக் காரணமும் கூற வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. மறுப்பின்மேல் முறையிடத் தனி வழி எதையும் வகுக்காதது பெருங்குறைதான்; ஆயினும், நேற்றுவரை முதலாளியின் தயவாக இருந்தது இன்று கேட்கும் உரிமையாகிவிட்டது.

நான்கே பேர் வேலை பார்க்கும் கடையில் ஒருவர் அகன்றால் வியாபாரம் என்னாவது என்று முதலாளிகள் கேட்பதில் உண்மையுண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளையில் முஸ்லிம் சகோதரர்களின் கடைகள் பல சிறிது நேரம் அடைபடுவதையும், தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்வோருக்காக வேலை முறையை மாற்றிக்கொள்வதையும், நாசி கண்டார் சோற்றுக் கடைகளில் ஷிப்டு முறையால் இரவெல்லாம் அடுப்பு எரிவதையும் நாம் நெடுங்காலமாகக் கண்டு வருகிறோம். வாடிக்கையாளர்கள் இவற்றுக்கெல்லாம் பழகிக்கொண்டார்களே! தெய்வத்துக்கும் வியாபாரத்துக்கும் நேரத்தை வளைக்கத் தெரிந்த நாம், பெற்ற குழந்தைக்காகவும் வளைக்கலாகாதா?

வேலை நேர நெகிழ்வு தாய்மாருக்கு மட்டும் தேவையன்று. வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு முடிவுற்றபின் நகரின் பழைய வீடுகளை விட்டகன்றவர் பலர். இன்று பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியிலோ பாலத்தின் வழியோ வந்து சேரும் தொழிலாளிக்குக் காலை அரை மணி நேரச் சலுகை எத்தனை பெரிய உபகாரம்! அரைநாள் மட்டும் வர இயன்ற பெண்ணையும் இழக்க வேண்டியதில்லை; பகுதிநேரத் தொழிலாளருக்கும் விடுப்பு முதலிய உரிமைகளை 2010-ஆம் ஆண்டு விதிகள் வழங்கியுள்ளன.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. கூட்டமில்லாத நடுப்பகலில் வேலையாளை வீட்டுக்கு அனுப்பி, மாலையில் மீண்டும் வரச் சொல்லி, அதற்கும் நெகிழ்வு என்று பெயரிடுவது அநியாயம். ஒருநாள் வேலை, இடைவேளைகள் உட்படப் பத்து மணி நேரப் பரப்புக்குள் அடங்க வேண்டும் என்ற பழைய சட்டவிதி இன்னும் இருக்கிறது. அதை எவரும் மறக்கலாகாது.

நமது வர்த்தக சங்கங்கள் செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு: விண்ணப்பத்துக்கும் விடைக்குமான எளிய தமிழ்ப் படிவத்தை அச்சிட்டு, தொழிலாளர் இலாகாவின் ஆலோசனையுடன், தீபாவளி வியாபாரம் சூடுபிடிக்கும் முன்பே கடைதோறும் கொடுக்கட்டும்.