‘நாம’ ஜெயித்தோம், ‘அவனுங்க’ தோற்றார்கள்

போன வாரம் தங்கச்சி மகனைத் திடலிலிருந்து அழைத்து வரப் போயிருந்தேன். இரண்டாம் படிவத்தில் படிக்கிறான். மாவட்ட அளவில் பள்ளிகளுக்கிடையே நடக்கும் காற்பந்துப் போட்டியில் இந்த ஆண்டுதான் முதல் முறையாகக் கோல் காவலராக நின்றான். முதல் ஆட்டம், ஐந்து கோல். அவன் பக்கம் ஒன்றுகூட இல்லை.

காரில் மச்சான் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். “மூணாவது கோலு உருண்டுதானே வந்துச்சி? அதைக்கூடவா பிடிக்க முடியல?” பையன் பின்னால் கையுறையைக்கூடக் கழற்றாமல் சன்னல் வழியாகச் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜாசின் பட்டணத்தைத் தொடும்போது மெதுவாகச் சொன்னான்: “மாமா, நான் இனிமே விளையாடல.”

எனக்கு உடனே 2010 டிசம்பர் 1 ஞாபகத்துக்கு வந்தது.

அன்று புதன்கிழமை. சுசுகி கிண்ணப் போட்டியில் மலேசியாவுக்கு முதல் ஆட்டம். ஜாகர்த்தாவில் இந்தோனேசியாவுடன் மோதல். நாங்கள் ஏழெட்டு நண்பர்கள் ஜாசினில் வழக்கமாகக் கூடும் ஒட்டுக்கடையில் தொலைக்காட்சிக்கு நேர் எதிரே மேசையைப் பிடித்துவிட்டோம். கெமெண்டோர், பெம்பான், மெர்லிமாவ் என்று பல பக்கத்திலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். தேசியக் குழுவின் பயிற்றுநர் கே.ராஜகோபால். ஓராண்டுக்கு முன்புதான், 2009 டிசம்பரில், லாவோசில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் இறுதியாட்டத்தில் வியட்நாமை வென்று தங்கம் வாங்கிக் கொடுத்தவர். 1989-க்குப் பிறகு, இருபது ஆண்டு கழித்துக் கிடைத்த தங்கம் அது. அந்தக் குழுவில் இருந்த இளைஞர்கள் பலரை அப்படியே சுசுகி கிண்ணத்துக்கும் கொண்டு போயிருந்தார். எஸ்.குணாளன், கே.குருசாமி என்று நம் பிள்ளைகளும் குழுவில் இருந்தார்கள். எங்கள் மேசையில் ‘நம்ம ராஜகோபால்’ என்ற பேச்சு ஆட்டம் தொடங்கும் முன்பே பத்து முறை வந்திருக்கும்.

முதலில் கோல் போட்டதும் மலேசியாதான். நோர்ஷாருல் இட்லான் போட்டார். கடையே எழுந்து நின்றது. ஆனால் சில நிமிடங்களிலேயே பந்து நம் தற்காப்பு ஆட்டக்காரரின் காலில் பட்டு நம் வலைக்குள்ளேயே போனது. அதன் பிறகு இந்தோனேசியா அடித்துக்கொண்டே இருந்தது. முடிவு 5-1.

அந்த இரவு எங்கள் மேசையில் நடந்த பேச்சை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. கோல் காவலரைத் திட்டினோம். தற்காப்பைத் திட்டினோம். சீனியர் ஆட்டக்காரர்களை விட்டுவிட்டுச் சின்னப் பையன்களை ஏன் அனுப்பினார்கள் என்று காற்பந்துச் சங்கத்தைத் திட்டினோம். ஒருவன் தன் மஞ்சள் ஜெர்சியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வெறும் பனியனோடு மோட்டார் சைக்கிளில் ஏறினான். எல்லாவற்றையும்விட மோசமாகப் பேசியவன் நான்தான். “நம்ம ஆளுன்னு நம்பினோம் பாரு, அந்தக் கோச்சு வீட்டுக்குப் போகட்டும்” என்றேன்.

கடையின் ஓரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் தோட்டக் குழுவுக்கு விளையாடியவர், அதுவும் கோல் காவலர். தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “தம்பி, மாலையில நம்ம ராஜகோபாலு. இப்ப அந்தக் கோச்சா? மூணு மணி நேரத்துல உறவு அத்துப்போச்சா?” நாங்கள் சிரித்து மழுப்பினோம். அவர் சிரிக்கவில்லை.

அவர் கேட்டதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே கல்லூரிக் குழுக்கள் ஆடும் காற்பந்து நம்முடையது அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். ஆனால் ரசிகர் மனம் ஒன்றுதான். ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் ஏழு பல்கலைக்கழகங்களில் மாணவர்களைக் கவனித்து 1976-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வார இறுதியில் குழு வென்றிருந்தால் திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டையில் வருகிறவர்கள் அதிகம். மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, வென்ற ஆட்டத்தைச் சொல்கையில் ‘நாம்’ என்ற சொல் அதிகம் வந்தது. தோற்ற ஆட்டம் என்றால் அந்தச் சொல் குறைந்தது. தோல்வி ‘அவர்களுடையது’ ஆகிவிட்டது.

நம் வீடுகளிலும் இதே கதைதான். தேர்வில் நல்ல புள்ளி எடுத்தால் “என் பிள்ளை”. புள்ளி குறைந்தால் மனைவியைப் பார்த்து, “உன் பிள்ளை எடுத்த மார்க்கைப் பாரு.”

சரி, 2010-க்குத் திரும்புவோம். ராஜகோபால் வீட்டுக்குப் போகவில்லை. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 4 அன்று தாய்லாந்துடன் ஆட்டம். கோல் காவலர் இடத்தில் கிளந்தானின் இளைஞர் கைருல் பாமி சே மாட் நின்றார். ஆட்டம் 0-0. ஐந்து வாங்கிய குழு அடுத்த ஆட்டத்தில் ஒன்றுகூட வாங்கவில்லை. கடையில் அன்று கூட்டம் பாதிதான். “சமநிலைதானே” என்று உதட்டைப் பிதுக்கினோம். உண்மையில் எல்லாம் திரும்பியது அங்கேதான்.

டிசம்பர் 7 அன்று லாவோசை 5-1 என்று வென்றோம். அது மட்டும் போதாது. அதே வேளையில் நடந்த இன்னோர் ஆட்டத்தில் தாய்லாந்து வென்றிருந்தால் நாம் வெளியே. தாய்லாந்தை வென்றது யார் தெரியுமா? நம்மை ஐந்து கோல் போட்டு அவமானப்படுத்திய அதே இந்தோனேசியா. அடுத்த சுற்றுக்குப் போய்விட்ட அவர்கள், அந்த ஆட்டத்தை 2-1 என்று வென்று நமக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள்.

அரையிறுதியில் நடப்பு வெற்றியாளர் வியட்நாம். புக்கிட் ஜாலிலில் 2-0. இரண்டையும் போட்டவர் சாபி சாலி. ஹனோயில் 0-0. டிசம்பர் 26 அன்று இறுதியாட்டத்தின் முதல் சுற்று, புக்கிட் ஜாலில் அரங்கம் நிரம்பி வழிய, எதிரே மறுபடியும் இந்தோனேசியா. இரசிகர்கள் லேசர் ஒளி பாய்ச்சுகிறார்கள் என்று எதிரணி முறையிட்டு ஆட்டம் சற்று நேரம் நின்றதும் உண்மை, அதில் நமக்குப் பெருமை இல்லை. பிற்பாதியில் சாபி இரண்டும் அஷாரி சம்சுடின் ஒன்றும் போட 3-0. மூன்று நாள் கழித்து ஜாகர்த்தாவில் ஒரு பெனால்டியைக் கைருல் பாமி தடுத்தார். அந்த ஆட்டத்தை 2-1 என்று இழந்தாலும் மொத்தக் கணக்கில் 4-2. கிண்ணம் முதல் முறையாக மலேசியாவுக்கு. டிசம்பர் 31-ஐ அரசாங்கம் பொது விடுமுறையாக அறிவித்தது.

அன்று ஜாசினில் மஞ்சள் ஜெர்சி இல்லாதவனே இல்லை. பனியனோடு போனவன்தான் முதல் ஆளாகக் கொடி பிடித்தான். நானும் வாய் கூசாமல் கத்தினேன்: “நாம ஜெயிச்சிட்டோம்! நம்ம ராஜகோபாலு!”

இந்தக் கதையைப் பையனுக்குச் சொன்னேன். அதே 2010-இல் ஸ்பெயின் உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் 0-1 என்று தோற்று, பிறகு வெற்றியாளரானதையும் சொன்னேன். முதல் ஆட்டத்தில் தோற்று உலகக் கிண்ணத்தை வென்ற முதல் நாடு அதுதான். 2022-இல் மெஸ்ஸியின் அர்ஜென்டினா சவூதி அரேபியாவிடம் 1-2 என்று தோற்றுத் தொடங்கியது அவனுக்கே தெரியும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பையன் ஒரே கேள்விதான் கேட்டான். “மாமா, அந்த மொத ஆட்டத்துல கோல் கீப்பரா நின்னவரு என்ன ஆனாரு?”

நான் இதை எதிர்பார்க்கவில்லை. நாம் எப்போதும் சாபியின் கோல்களையும் கைருல் பாமியின் கைகளையும்தான் சொல்கிறோம். இவன் தன் இடத்திலிருந்து கேட்கிறான். ஐந்து வாங்கியவனுக்கு என்ன நடக்கும்?

பொய் சொல்ல மனமில்லை. “அவரு இடத்துல வேற ஆளு நின்னாரு. ஆனா அவரும் அந்தக் குழுவுலதான் இருந்தாரு. கிண்ணம் அவருக்கும் சேர்த்துத்தான்” என்றேன். அடுத்த ஆட்டத்தில் அவனை நிற்க வைப்பார்களா என்று எனக்குத் தெரியாது. தோற்றவர்கள் எல்லாரும் அந்த மாதத்திலேயே கிண்ணம் தூக்குவதில்லை. மலேசியாவும் அதன் பிறகு 2014, 2018 இரண்டு முறையும் இறுதியாட்டம் வரை போய் வெறுங்கையோடுதான் திரும்பியது. முதல் ஆட்டத்தில் தோற்றால் கடைசியில் ஜெயிப்போம் என்று எந்த விதியும் இல்லை. ஆனால் முதல் ஆட்டத்தோடு கணக்கை முடித்துவிட்டால் நான்காம் தேதி, ஏழாம் தேதி என்று ஒன்றும் வராது.

இதையெல்லாம் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்த மச்சான், வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

“சரி, நாளைக்குச் சாயங்காலம் திடலுக்குப் போவோம். நான் உருட்டி விடறேன், நீ பிடி. அந்த மூணாவது கோலு நமக்கு எப்படி வந்துச்சின்னு பார்ப்போம்.”

‘நமக்கு’ என்றார். பையன் அப்போதுதான் கையுறையைக் கழற்றினான்.